ஹரிணியின் அளவுக்குத் தைத்த ஷூ

பெரிய ஆட்டக்காரர்கள் முதல் சுற்றிலேயே தோற்றுப்போவது எனக்குப் பிடிக்காது. டி.வி.யில் டென்னிஸ் பார்க்கும்போது அப்படி நடந்தால் ரிமோட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். வருஷக்கணக்கில் உடம்பை வருத்தி உச்சிக்கு வந்த ஒருவரை, பெயரே வாயில் நுழையாத யாரோ ஒரே மத்தியானத்தில் சாய்த்துவிட்டுப் போவதில் என்ன நியாயம்? சாய்த்தவராவது கோப்பையை வாங்குகிறாரா என்றால் அதுவும் கிடையாது. அடுத்த ஆட்டத்திலேயே தோற்றுப் பெட்டியைக் கட்டிவிடுகிறார். பார்க்க வந்தவனுக்கு அவரும் இல்லை, இவரும் இல்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் பல வருஷமாக நான் இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் லுங்கித் தறிதான் பிழைப்பு. நான் ஒருவன்தான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். டென்னிஸ் நடுவர் தேர்வில் தேறியிருக்கிறேன் என்பதால் இந்தப் பக்கம் எங்கே போட்டி நடந்தாலும் அந்த உயரமான நாற்காலியில் என்னை ஏற்றி உட்கார வைத்துவிடுவார்கள். ஜாஸ்மினை நான் அதிகம் பார்த்தது அந்த நாற்காலியிலிருந்துதான்.

ஜாஸ்மின் ஆம்பூர்ப் பெண். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அம்மா அன்னம்மாள், நிசார் அஹமதுவின் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது அங்கே இருந்த ஒரு சிமெண்ட் கோர்ட்டில்தான் இவளுக்கு டென்னிஸ் பிடித்துக்கொண்டது. மாநில அணிவரை போனாள். பிறகு பரிசுப் பணம் உள்ள போட்டிகளுக்குக் காட்பாடியில் ரயிலேறி ஊர் ஊராகப் போய் ஆடினாள். இதுதான் தன் தொழில் என்று அவள் முடிவு செய்திருந்த நேரத்தில் அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போய் வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஜாஸ்மின் ராக்கெட்டைப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டு அம்மாவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

ராக்கெட் பீரோ மேல் அதிக நாள் கிடக்கவில்லை. கம்பெனியில் அவளை சாம்பிள் ரூமில் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரனிடம் காட்ட முதல் ஜோடியைத் தைக்கும் இடம் அது. தையல் நேர்த்தியாக உள்ளவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் தோல் குடோனின் பின்சுவரில் தனியாகப் பந்தடிக்க ஆரம்பித்தாள். அது கருங்கல் சுவர். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தச் சுவருக்கே தெரியாது. வாசல் காவலில் இருந்த சர்தார் பாஷா முதலில் திட்டினார், அப்புறம் குடோன் கூரையில் போய் விழும் பந்தைக் கொம்பால் தள்ளிவிடும் வேலையையும் தானாகவே எடுத்துக்கொண்டார். அவள் பையைத் திறந்தால் பந்துகளில் உப்புத்தோல் வாசனை வரும்.

ஆனால் சுவரோடு ஆடினால் தொழில் ஆகுமா? வெளியூர்ப் போட்டிகளுக்கு லீவு கிடையாது. வருஷத்துக்கு ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்: நிசார் அஹமது ஆம்பூரிலேயே, குடோனை அடுத்த திடலில் நடத்தும் பெண்கள் ஓபன் போட்டி. நாடு முழுவதிலுமிருந்து தொழில்முறை ஆட்டக்காரிகள் வருவார்கள். உள்ளூருக்கு என்று ஒதுக்கிய ஒரே இடத்தில் ஜாஸ்மின் நுழைவாள், முதல் சுற்றிலோ இரண்டாவதிலோ தோற்பாள், திங்கட்கிழமை மெஷினுக்குத் திரும்புவாள். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மற்ற வாரமெல்லாம் அந்தச் சுவரோடு மோதிக்கொண்டிருந்தாள்.

அந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவருக்குக் காசோலையோடு, அவர் கால் அளவுக்கே கையால் செய்த ஒரு ஜோடித் தோல் ஷூவும் கொடுப்பார்கள். முதல் வருஷம் மேடையிலேயே காலை அளந்து, அந்த அளவில் கால் அச்சு செதுக்கி, பிறகு ஷூவைத் தைத்து அனுப்பினார்கள். அன்று ஜெயித்தவர் சென்னை ஹரிணி. அடுத்த வருஷமும் அவர்தான். அச்சுதான் கையில் இருக்கிறதே, எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மூன்றாம் வருஷம் ஷூவை முன்கூட்டியே தைத்து மேடையிலேயே கொடுத்தார் நிசார். ஹரிணி போட்டுக்கொண்டு நடந்து காட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். நாலாம் வருஷமும் அப்படியே. போட்டி தொடங்குவதற்கு முன்பே ஜெயித்தவரின் ஷூ தயாராக இருப்பது எங்கள் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் வேடிக்கை. கடைசி இரண்டு ஜோடிகளையும் தைத்தது ஜாஸ்மின்.

ஐந்தாம் வருஷம் நிசாருக்கு மனம் விட்டுப்போயிருந்தது. முந்தின வருஷம் இறுதி ஆட்டத்தில் பாதி ஸ்டாண்டு காலி. இந்த முறை வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை நெடுஞ்சாலையில் ஹரிணியின் முகத்தைப் பெரிய பெரிய ஃபிளெக்ஸாகக் கட்டிவிட்டார். போட்டி ஏற்பாடு பேச என்னைக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார். பேசிக்கொண்டே சாம்பிள் ரூமுக்குள் நடந்தவர், மெஷின் மேல் இருந்த பழுப்பு நிற ஷூ மேல்தோலை எடுத்துத் தடவிப் பார்த்தார். அதுதான் ஹரிணிக்கு. மெஷினில் உட்கார்ந்திருந்தது ஜாஸ்மின்.

"ஜனம் வந்தா ஹரிணிய பாக்கத்தான் வரும் மாஸ்டர். தெரியாத மூஞ்சிய பாக்க யாரு வருவா? ஞாயித்துக்கெழம ஃபைனல்ல ஸ்டாண்டு ரொம்பலேன்னா இதோட முடிச்சுக்கலாம். எனக்கும் பேஜாராப் போச்சு."

எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. சிறந்தவர் ஜெயிக்க வேண்டும், கூட்டமும் வர வேண்டும், இரண்டும் ஒன்றுதானே என்று தலையாட்டினேன். ஜாஸ்மின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷின் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுக் குலுக்கியபோது, முதல் சுற்றில் ஹரிணிக்கு எதிராக ஜாஸ்மின் பெயரே வந்தது. சாம்பிள் ரூமில் ஒரே சிரிப்பு. நீ தைத்த ஷூவை நீயே கொடுத்தனுப்பு என்று கேலி செய்தார்களாம். அன்னம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தோற்றால் மகளுக்கு இந்த வருஷமும் போயிற்று. ஜெயித்தால் ஹரிணி இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டு காலியாகும், போட்டியே நின்றுபோகும், மகளின் டென்னிஸ் சுவரோடு முடியும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

புதன்கிழமை காலை ஜாஸ்மின் கையெழுத்துப் போட என்னிடம் வந்தாள். நடுவர் பேசக் கூடாத பேச்சை நான் பேசினேன். நல்லா ஆடு, ஆனா ஞாயிற்றுக்கிழமை ஹரிணி இருந்தால்தான் உனக்கே நல்லது என்றேன். அவள் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள்.

"அவங்கதான் ஜெயிக்கணும்னா, எதுக்கு மாஸ்டர் நெட்டு கட்றீங்க?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் செட் ஆறுக்கு இரண்டு, ஹரிணிக்கு. பார்க்க அழகான ஆட்டம். எனக்குத் திருப்தியாக இருந்தது. முன்வரிசையில் நிசார் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் செட்டில் வெயில் ஏறியது. ஜாஸ்மின் பந்தைத் தாழ்வாக வெட்டி வெட்டி அனுப்ப ஆரம்பித்தாள். செம்மண்ணில் விழுந்து எழும்பாமல் சறுக்கும் பந்து அது. ஹரிணி பலமாக அடித்த பந்துகள், எங்கே திரும்பினாலும், அவள் ராக்கெட்டுக்கு வந்து சேர்ந்தன. கருங்கல் சுவரிடம் பழகியவளுக்கு ஹரிணியின் பந்து எவ்வளவோ மரியாதையாக வந்திருக்க வேண்டும். இரண்டாம் செட் ஆறுக்கு நாலு, ஜாஸ்மினுக்கு. நிசார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் செட்டில் ஐந்துக்கு நாலு என்று ஜாஸ்மின் முன்னால் போய், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவளுக்கு என்ற நிலை வந்தது. பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெகுநேரம் போய்வந்த பிறகு ஹரிணி கோட்டை ஒட்டி ஒரு அடி அடித்தாள். கோட்டில் நின்ற நடுவர் அவுட் என்று கையை நீட்டினார். ஹரிணி ராக்கெட்டால் அந்த இடத்தைக் காட்டி, தடத்தைப் பார்க்கச் சொன்னாள். செம்மண் கோர்ட்டில் பந்து விழுந்த தடம் அப்படியே இருக்கும். சந்தேகம் என்றால் நாற்காலியில் இருப்பவன் இறங்கிப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இறங்கினேன். நிசார் எழுந்து நின்றார். ஹரிணி ஒரு பக்கம், ஜாஸ்மின் ஒரு பக்கம், நடுவில் நான் குனிந்தேன். அந்தத் தடம் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தொடவில்லை. வெள்ளைக் கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் சிவப்பு மண் தெளிவாகத் தெரிந்தது. கண் இருக்கிற எவனும் அவுட் என்றுதான் சொல்வான். ஆள்காட்டி விரலைத் தூக்கினேன்.

ஜாஸ்மின் குதிக்கவில்லை. ராக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஹரிணி வந்து அவள் தோளைத் தட்டிவிட்டு, போகும்போது என்னிடம், "நானும் பாத்தேன் சார். அவுட்தான்," என்றாள். சாம்பியன் என்றால் அதுதான்.

நிசார் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, தடத்தை நான்தான் கோட்டுக்கு வெளியே தள்ளி வைத்த மாதிரி. ஊரில் வேறு கதை கிளம்பியது. ஷூ தைத்தவளுக்கு ஹரிணியின் காலில் எங்கே பலவீனம் என்று தெரியும், அதை வைத்துத்தான் ஜெயித்தாள் என்றார்கள். கால் அளவு தெரிந்தால் சர்வீஸ் வந்துவிடுமா என்று ஜாஸ்மின் கேட்டுவிட்டு, தைக்க வேண்டிய அடுத்த ஜோடியை எடுத்தாளாம். புதன்கிழமை மத்தியானமே அவள் மெஷினுக்குத் திரும்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்று. என் பழைய வாதம் பலிக்கப்போகிறது என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். பலித்துக்கொண்டும் இருந்தது. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி முதல் செட்டைச் சுலபமாக எடுத்துக்கொண்டாள். ஜாஸ்மினின் கையில் உயிரே இல்லை. ஸ்டாண்டில் ஆள் இல்லை. இரண்டாம் செட் பாதியில் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தது. வழக்கமாக ஊர்ப் பக்கம் திரும்பும் பஸ்கள், ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்ட்டின் மதில் ஓரம் வந்து நின்றன.

நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாத பெண்கள், தையல் லைன், கட்டிங், பேக்கிங் என்று மொத்தக் கம்பெனியும் உள்ளே வந்தது. டென்னிஸ் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பந்து நெட்டில் பட்டாலும் தட்டினார்கள், சர்வீஸ் போடும் முன் ஜாஸ்மின் பந்தைத் தரையில் தட்டினால் அதற்கும் தட்டினார்கள். அமைதி, அமைதி என்று மைக்கில் நான் கத்தியதற்கும் கை தட்டல். கடைசியில் மைக்கை அணைத்துவிட்டேன். ஜாஸ்மின் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணை மிச்சமிருந்த எல்லா மூலைக்கும் ஓட விட்டாள். மூன்றாம் செட் முடிந்தபோது பஸ் டிரைவர்கள்கூட ஸ்டாண்டில்தான் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நிசார் என் பக்கத்தில் வந்து நின்றார். நாலு வருஷத்தில் ஒரு நாளும் தன் கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்றார். யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு அவர்கள் எதற்கு வர வேண்டும் என்று நான் கேட்டேன். அது என் வாயிலிருந்து வந்ததுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை அரையிறுதியிலும் ஜாஸ்மின் ஜெயித்தாள். நிசார் ஃபிளெக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பினார். அவளுக்கென்று ஒரு நல்ல போட்டோகூட இல்லை. கம்பெனி அடையாள அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கினார்கள். மறுநாள் காலை நெடுஞ்சாலையில் ஹரிணியின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில், ஓவர்கோட்டு போட்டு, திட்டு வாங்கப்போகிறவள் மாதிரி முழித்துக்கொண்டு ஜாஸ்மின் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பைபிளும் கையுமாக நேராக வந்தவர்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் என்று நாலு மணிக்கெல்லாம் ஸ்டாண்டு நிரம்பி, மதில் நிரம்பி, குடோன் கூரையிலும் ஆள் ஏறிவிட்டது. சர்தார் பாஷா கொம்போடு அவர்களை இறக்கப் போய், தானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்ன அன்னம்மாளும் முன்வரிசையில் இருந்தார். ஸ்டாண்டில் ஒரு இடம் காலி இல்லை. அவர் போட்ட கணக்கு தப்பாகிப்போன சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

எதிரே ஹைதராபாத்திலிருந்து வந்த, போட்டித் தரவரிசையில் ஹரிணிக்கு அடுத்த இடத்தில் இருந்த ஆட்டக்காரி. நல்ல பெண், நல்ல ஆட்டம். அன்றைக்கு அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஏழுக்கு ஐந்து, ஆறுக்கு மூன்று. கடைசிப் பந்து கோட்டுக்கு எவ்வளவோ உள்ளே விழுந்தது, நான் இறங்கிப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆட்டம், செட், மேட்ச் என்று நான் மைக்கில் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் விசிலடித்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். நடுவர் அழக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

மேடையில்தான் எல்லோருக்கும் உறைத்தது. நிசார் பெட்டியைத் திறந்தார். உள்ளே பளபளவென்று ஏழாம் நம்பர் ஷூ. ஜாஸ்மினுக்கு ஐந்தாம் நம்பர். நிசார் பெட்டியைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், பெட்டியை மூடவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நின்றார். ஜாஸ்மின் தானே ஷூவை எடுத்துக் கீழே வைத்து, காலை நுழைத்து, மேடையில் டப் டப் என்று இழுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள். ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. பிறகு கழற்றி, ஒரு ஷூவை உயரத் தூக்கிப் பிடித்து மைக்கில் சொன்னாள்:

"இது நான் தெச்சது. ஹரிணி அக்கா காலுக்குத் தெச்சது. அவங்களுக்கே அனுப்பிடுங்க சார்."

அப்படியே அனுப்பினார்கள். ஹரிணி போனில் நன்றி சொன்னதோடு, அடுத்த வருஷம் இடம் வைக்கச் சொன்னாளாம். தோற்ற ஊருக்கு வர மாட்டாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்த முறை ஷூவை ஜெயித்து வாங்க வேண்டும் என்று வருகிறாள். அவள் நாலு வருஷம் அசையாமல் நின்றதால்தான் அவளைச் சாய்த்தது ஒரு செய்தியானது. சாய்த்ததால்தான் அவளுக்கும் பழைய பசி திரும்பியிருக்கிறது. பெரியவர்கள் தோற்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் ரிமோட்டை இப்போது தூக்கிப் போடுவதில்லை.

போட்டி நிற்கவில்லை. அடுத்த வருஷத்துக்கு ஸ்டாண்டில் இன்னும் நாலு வரிசை கட்டப்போகிறார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்கு ஜாஸ்மினுக்குச் சம்பளத்தோடு லீவு என்று நிசார் மேடையிலேயே சொல்லிவிட்டார். அவள் மறுபடி காட்பாடியில் ரயிலேறுகிறாள். அவள் பையில் பந்து வாசனை மட்டும் மாறவில்லை.

திங்கட்கிழமை நானும் கம்பெனிக்குப் போயிருந்தேன். நிசாரே பக்கத்தில் நின்று அவள் காலை அளக்கச் சொன்னார். அச்சு தயாராகி அலமாரியில் ஹரிணியின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நல்ல தோலாக ஒன்றை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"இதுலயே அடுத்த வருஷத்துக்கும் உனக்கு ஒரு ஜோடி சேத்து வெட்டிடச் சொல்லட்டுமா?"

ஜாஸ்மின் தோலைச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் சார். மொதல்ல நெட்டக் கட்டுங்க. யாரு ஜெயிக்கிறாங்களோ, அவங்க காலுக்கு நானே தெச்சுத் தர்றேன்."